சொய்லாவின் தலைவலி

புவேர்த்தோ லோபெஸ்
14 ஜூன் 1993

அன்புத் தம்பி அன்செல்மோவுக்கு,

நானும் மகன் பைரனும் நலம். கடலும் நலம்தான், மீன்தான் இந்த மாதம் கொஞ்சம் பிகு பண்ணுகிறது. உன் முழங்கால் வலியும் உன் வீட்டுக்காரி லுஸ்மிலாவின் பல்வலியும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. பனிமேல் கயிறு கட்டிக்கொண்டு சிரிக்கிறாளே, அந்த ஜெர்மன்காரி. “அறுபத்திரண்டு வயது, ஆடு மாதிரி ஏறினாள்” என்று பின்னால் பெருமையாக எழுதியிருந்தாய். அதை என் சாப்பாட்டுக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தேன். ஒட்டியது என் தப்பு. மீன் விற்கும் நார்சிசா வந்து உற்றுப் பார்த்தாள்.

“இது உங்க ஊரு மலைதானே? நீ நிக்கிற போட்டோ எங்கடி?”

“என் தம்பி அங்க கைடு.”

“தம்பியைக் கேக்கல. உன் கால் அதுல பட்டிருக்கா இல்லையா?”

கயாம்பே எரிமலை நம் வீட்டு ஜன்னலில்தான் விடியும். பதினெட்டு வயதில் கல்யாணமாகி இந்தக் கடலோரம் வரும்வரை தினமும் பார்த்தேன். அப்பா உன்னைப் பன்னிரண்டு வயதில் மேலே கூட்டிப் போனார். நான் கேட்டதற்கு, “பொட்டப்புள்ள பனியை மிதிச்சா மலை கோவிச்சுக்கும்” என்றார். ஜெர்மன்காரி மிதித்தால் மட்டும் மலைக்குக் கோபம் வராதா?

எனக்கு இப்போது ஐம்பத்தாறு. உச்சிக்கெல்லாம் ஆசையில்லை. காலில் அந்த இரும்பு முள்ளைக் கட்டி, ஒரு காலைப்பொழுது பனிமேல் நடந்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். கூட்டிப் போவது உன் பொறுப்பு. மாட்டேன் என்று எழுதுவதாயிருந்தால் பஸ்காரரிடம் கடிதம் கொடுத்து அவரைத் தொந்தரவு செய்யாதே.

உன் அக்கா,
சொய்லா

•

கயாம்பே
2 ஜூலை 1993

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். லுஸ்மிலா பல்லைப் பிடுங்கிவிட்டாள், இப்போது முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். நீயும் பைரனும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை வில்சனுக்குப் படித்துக் காட்டினேன். என் கூட வேலை செய்யும் பையன், இருபத்தாறு வயது, நல்ல கைடாக வருவான். “சொய்லாம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணே” என்று குதித்தான். குதிப்பதற்கு இது கடற்கரை இல்லை என்று சொல்லி வைத்தேன்.

அக்கா, மலைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பதைத்தான் உன்னிடமும் கேட்கிறேன். தம்பி என்று சலுகை எதிர்பார்க்காதே. டாக்டரிடம் போய் பிரஷரும் நெஞ்சும் பார்த்துக்கொள். சொத்தைப்பல் இருந்தால் இப்போதே எடுத்துவிடு, மேலே குளிரில் அது உயிரை எடுக்கும். முழங்கால், படி ஏறும்போது வலிப்பது பரவாயில்லை, இறங்கும்போது வலித்தால் எனக்குச் சொல். மலையில் கால் போவதெல்லாம் இறங்கும்போதுதான்.

உங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறதே, அதில் வாரம் நான்கு நாள் ஏறு. போகப்போக முதுகில் சுமை வை. ஓடாதே. எங்கள் ஆட்களை நான் எப்படி நடத்துகிறேன் தெரியுமா? ஏறும்போது அவரவர் ஊர் சூப்பை எப்படிச் செய்வது என்று சொல்லச் சொல்வேன். மூச்சு வாங்காமல் அடுப்பை அணைக்கும்வரை சொல்லி முடித்தால் நடை சரி. பாதியில் நின்றால் வேகம் அதிகம், அல்லது ஆள் சரியில்லை. இத்தனை வருஷத்தில் இந்தச் சோதனை என்னை ஏமாற்றியதில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு எழுது. பிறகு பார்க்கலாம்.

தம்பி,
அன்செல்மோ

•

புவேர்த்தோ லோபெஸ்
20 ஆகஸ்ட் 1993

கைடு ஐயா அவர்களுக்கு அக்கா எழுதுவது,

நலம், உன் நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் காரணம், உட்கார்ந்து எழுத உடம்பில் தெம்பு இல்லை.

முதல் வாரம் குன்றில் பாதி ஏறி, ஒரு கல்லில் உட்கார்ந்து, உன்னையும் அந்த ஜெர்மன்காரியையும் சேர்த்துத் திட்டினேன். இப்போது அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு உச்சிவரை போய் வருகிறேன். எங்கள் ஊர் நிலக்கடலை மீன் சூப்பைச் சொல்லிக்கொண்டேதான் ஏறுகிறேன். கடலையை வறுத்து அரைக்கணும், வாழைக்காயை உருட்டிப் போடணும், சோளத்தை நறுக்கணும் என்று தனியாகப் பேசிக்கொண்டே ஒரு கிழவி மூட்டையோடு மலையேறினால் ஊர் சும்மா இருக்குமா? பைரனிடம் போய் யாரோ, “உங்கம்மாவை ஆஸ்பத்திரியில காட்டுப்பா” என்றிருக்கிறார்கள். இவனும் முகம் வெளிறிப்போய் ஓடி வந்தான்.

போன வாரம் மீன் கொதித்து, கொத்தமல்லி தூவி, அடுப்பையும் அணைத்துவிட்டேன். உச்சி இன்னும் வரவில்லை. அதனால் சாதமும் வடித்தேன்.

டாக்டர் பிரஷர் கொஞ்சம் கூட என்றார். உப்பைக் குறைத்தேன். சாப்பாட்டுக் கடைக்காரி உப்பைக் குறைத்தால் என்ன வாழ்க்கை என்று இரண்டு நாள் கண்ணீர் வந்தது. மறுபடி போனபோது சரியாகிவிட்டது, நெஞ்சும் நல்லாயிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பின்பல் ஒன்றும் போயிற்று. இன்னும் எதைப் பிடுங்கவேண்டும் என்று எழுது.

சொய்லா

•

கயாம்பே
11 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்குக் குறையில்லை. மேலே நல்ல வெயில், பனி கெட்டியாக இருக்கிறது. உன் பிரஷர் இறங்கியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும், அதனால் எழுதவில்லை.

சரி, கூட்டிப் போகிறேன்.

ஆனால் நான் சொல்கிறபடி. அக்டோபர் கடைசியில் பைரன் கல்யாணத்துக்கு நாங்கள் வருகிறோம். கல்யாணம் முடிந்ததும் நீ லுஸ்மிலாவோடு கயாம்பேக்குப் போய்விடு. நான் அங்கேயே தங்கி, மழைக்கு முன் பைரனின் புது வீட்டுக் கூரையை முடித்துக் கொடுக்கிறேன். கடல்மட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் இருந்த உடம்பு உன்னுடையது. எங்கள் உயரத்தில் குறைந்தது இரண்டு வாரம் தின்று, தூங்கி, நடந்து பழகவேண்டும். நடுவில் ஒரு நாள் வில்சன் உன்னைப் பனிக்குக் கீழே இருக்கிற குடில்வரை கூட்டிப் போய்த் திருப்பிக் கொண்டு வருவான். அவசரப்பட்டு ஏறுகிறவர்களைத்தான் மலை அடிக்கும்.

தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் மறைக்காமல் சொல். எல்லாவற்றையும்விட மோசமானது நெஞ்சுக்கு வருவது. வறட்டு இருமல் வரும், சும்மா உட்கார்ந்தாலும் மூச்சு வாங்கும், உதடு நீலமாகும். நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம். மருந்து ஒன்றுதான், கீழே இறங்குவது. அன்றைக்கே இறங்கினால் பிழைப்பான், விடியட்டும் என்றால் விடியாமலே போகலாம். வந்த ஆள் முடியவில்லை என்று சொன்னால் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நான் திரும்பிவிடுவேன். அதில் எனக்கு யோசனையே கிடையாது.

தம்பி,
அன்செல்மோ

•

கயாம்பே
9 நவம்பர் 1993

அன்புத் தம்பிக்கு,

உன் வீட்டில் உன் மனைவியும் நானும் மிக நலம். நீ இல்லாததால் இன்னும் நலம். அங்கே என் மகனும் புது மருமகளும் உன்னை நன்றாகக் கவனிக்கிறார்களா?

முதல் மூன்று நாள் மாடிப்படி ஏறவே மூச்சு இரைத்தது. இப்போது லுஸ்மிலாவோடு ஏரிவரை நடந்துவிட்டு வந்து, உருளைக்கிழங்கு சூப்பில் மூன்று கிண்ணம் குடிக்கிறேன். சூடான பிஸ்கோத்தும் இலையில் சுற்றிய பாலாடைக்கட்டியும் இந்த ஊரில் இன்னும் அதே ருசியோடு இருக்கின்றன.

நேற்று வில்சன் குடில்வரை கூட்டிப் போனான். தலைவலி இல்லை, ஒன்றுமில்லை. குடில் வாசலில் நின்று பார்த்தால் பனி இதோ இருக்கிறது அன்செல்மோ, கொஞ்சம் பாறை ஏறினால் போதும். வெள்ளை என்று நினைத்திருந்தேன், வெடித்த இடத்தில் நீலமாக இருக்கிறதே. “போலாமா வில்சன், தொட்டுட்டு வந்துடுவோம்” என்றேன்.

“அண்ணே என்னைக் கொன்னுடுவாரு சொய்லாம்மா. அவரு கையாலதான் உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்காரு.”

அதனால் திரும்பினேன். நீ வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீயும் நாலு நாள் முன்னதாக வந்து ஓய்வெடுத்தால் என்ன?

சொய்லா

•

புவேர்த்தோ லோபெஸ்
16 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகம் என்றால் சாதாரண சுகமில்லை. உன் மருமகள் தினமும் நண்டும் வாழைக்காய் வறுவலுமாகப் போடுகிறாள், என் இடுப்பு வாரில் புது ஓட்டை போட்டாயிற்று. ஒரு நாள் பைரனோடு படகில் போய், குடல் வெளியே வரும்வரை வாந்தியெடுத்தேன். கரை முழுக்கச் சிரித்தது. நார்சிசா, “மலை கைடு தரையிலதான் வீரமா” என்றாள். அவள் வாய்க்குப் பயந்துதான் நீ மலையேற முடிவு செய்தாய் என்று இப்போது புரிகிறது.

கூரைத் தகரம் தாமதமாக வந்ததால் முன்னதாக வர வழியில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். அன்றைக்கே ஜீப்பில் குடிலுக்குப் போகிறோம், ஞாயிறு விடியலில் பனி. எனக்கு எதற்கு ஓய்வும் பழக்கமும்? நான் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். அதெல்லாம் உங்கள் கடற்கரை ஆட்களுக்கு.

தம்பி,
அன்செல்மோ

•

கயாம்பே
12 டிசம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தலைவலி முழுக்க விட்டதா? நாங்கள் சுகம்.

கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. இரண்டும் வேண்டாம். குடிலில் அந்தச் சாயங்காலம் நீ தலையைப் பிடித்துக்கொண்டு, “முடியலடா, கீழ கொண்டு போயிடு” என்று அழுதபோது என் மனசு உடைந்தது நிஜம். பனிக்கு அவ்வளவு கிட்டே போய்விட்டாயே. ஆனால் நீ மறைக்காமல் சொன்னாய், நான் ஜீப்பை எடுத்தேன், இரண்டு பேரும் செய்தது சரி. எத்தனையோ பலசாலிகளை இப்படி இறக்கியிருக்கிறேன். உடம்பு வாகு அது, யார் குற்றமும் இல்லை.

ஒன்றைத் தம்பியாக இல்லாமல் கைடாகச் சொல்கிறேன். இரண்டு வாரம் பழகியும் குடிலிலேயே இப்படி வந்ததென்றால், பனி உனக்கு வேண்டாம் அக்கா. இன்னொரு தடவை உன்னைக் கூட்டிப் போக எனக்குத் தைரியம் வராது. மன்னித்துக்கொள்.

எனக்கும் அந்தப் பஸ் ஜன்னல் காற்றில் பிடித்த சளி விட்டபாடில்லை, இருமல்தான். பெரிதாக ஒன்றுமில்லை. ஜனவரி முதல் வாரம் ஒரு பிரெஞ்சுக் கூட்டம் வருகிறது, உச்சிவரை கேட்கிறார்கள். மேலே போனால் நெஞ்சு திறந்துகொள்ளும்.

தம்பி,
அன்செல்மோ

•

புவேர்த்தோ லோபெஸ்
17 டிசம்பர் 1993

அன்பு லுஸ்மிலாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. இதை உன் புருஷன் இல்லாதபோது படி.

எனக்குத் தலை வலிக்கவே இல்லை. ஒரு பொட்டு வலிகூட இல்லை.

அன்றைக்கு மத்தியானம் குடிலில் சாமான்களை வைத்துவிட்டு, பனி ஓரம்வரை பார்த்து வரலாம் என்று பாறையில் ஏறினோம். நான் விளையாட்டாக, “இன்னைக்கு நீ சொல்லு, உருளைக்கிழங்கு சூப்பு எப்படிப் பண்றது” என்றேன். வெங்காயம் வதக்கினான், உருளைக்கிழங்கு போட்டான், அதோடு நின்றுவிட்டான். திரும்பிப் பார்த்தால் கல்லில் கையை ஊன்றி இருமிக்கொண்டிருந்தான். குடிலுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் மூச்சு இரைத்தது. உதடு நாவல்பழம் மாதிரி இருந்தது.

“தம்பி, நீ எனக்கு எழுதினியே, அது மாதிரியே இருக்குடா உனக்கு” என்றேன். “சளிக்கா. நீ காலைல வில்சனோட போ, நான் இங்க படுத்திருக்கேன்” என்றான். இறங்கலாம் என்று இரண்டு தடவை கேட்டேன், சிரித்தான். அவனைப் பற்றி உனக்குத் தெரியாதா? தன் உடம்புக்காக மலையை விட்டு இறங்கவே மாட்டான். வந்த ஆளுக்காக என்றால் யோசிக்காமல் இறங்குவான். அதுவும் அவன் எழுதியதுதான்.

ஜன்னலில் பனி தெரிந்தது லுஸ்மிலா. நாலு மாதம் மூட்டை சுமந்தது அதற்காகத்தான். மனசு ரொம்பக் கேட்டது. காலையில் ஏறி இறங்கிவிட்டுப் பிறகு சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு படுக்கையில் விழுந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். அழுகையை நான் நடிக்கவில்லை, அது தானாக வந்தது.

கீழே வந்ததும் தெளிந்துவிட்டான், இனி சரியாகிவிடும் என்று நம்பி உன்னிடமும் சொல்லாமல் விட்டேன். ஊர் திரும்பியும் அவனுக்கு எழுதப் பயம், எழுதினால் உளறிவிடுவேன். ஆனால் இருமல் இன்னும் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்களோடு போகப்போகிறேன் என்று எழுதியிருக்கிறான். விடாதே. சட்டையைப் பிடித்து இழுத்தாவது டாக்டரிடம் கொண்டு போ. நான் சொன்னதாகச் சொல்லாதே. வில்சன் எதிரில் அவன் தலை குனியக்கூடாது.

உன்னையே நம்பியிருக்கும்,
சொய்லா

•

கயாம்பே
3 ஜனவரி 1994

அக்காவுக்கு லுஸ்மிலா நமஸ்கரித்து எழுதுவது,

புது வருஷம் எல்லோருக்கும் நல்லபடி பிறக்கட்டும். அவர் நன்றாக இருக்கிறார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கூட்டிப் போனேன். வரமாட்டேன் என்றவரிடம், “அப்ப நானும் பிரெஞ்சுக்காரனோட மலைக்கு வரேன்” என்றேன், வந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் தண்ணீர் கோத்திருந்த இடத்தில் சீழ் பிடித்திருக்கிறதாம். ஊசி போட்டு இப்போது இருமல் போய்விட்டது. டாக்டர் இளவயசுக்காரர், “மலைக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?” என்று கேட்டார். மூன்று வாரம் கடலோரம், ஒரே நாளில் குடில் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“மலையில பொறந்தவங்கதான் இந்தத் தப்பைப் பண்றாங்க. கீழ போய் தங்கிட்டா உங்க உடம்பும் கடற்கரை உடம்புதான். அன்னைக்கு ராத்திரி அங்கேயே தூங்கியிருந்தா காலைல எழுந்திருக்க மாட்டீங்க. யாரு சொல்லி எறங்குனீங்க?”

“எங்கக்காவுக்குத் தலைவலி” என்றார் இவர். வீட்டுக்கு வந்து, “அவ மறுநாள் காலைல என்ன சாப்பிட்டா?” என்று கேட்டார். மூன்று கிண்ணம் சூப்பு என்றேன். நான் வேறெதுவும் சொல்லவில்லை அக்கா, சத்தியமாக.

பிரெஞ்சுக் கூட்டத்தை வில்சன் கூட்டிப் போகிறான்.

லுஸ்மிலா

•

கயாம்பே
15 ஜனவரி 1994

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி என்று கேட்கப் போவதில்லை. உன் உடம்பு கல் மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பொய் சொல்லியிருக்கிறாய். ஊருக்கெல்லாம் இருமலைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் தன் இருமலைச் சளி என்றேன், நீ தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். போதாததற்கு நான் உனக்கு ஆறுதல் வேறு எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கைடாகச் சொல்கிறேன் என்று எழுதிய வரியை நினைத்தால் தூக்கம் வரவில்லை. உனக்கு மலை வேண்டாம் என்று நான் எழுதினேன், நீ அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாய்.

நான்கு நாளாக இதை எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். இருபது வருஷமாக யார் யாருக்காகவோ அந்த மலையிலிருந்து திரும்பியிருக்கிறேன். எனக்காக ஒருவர் திரும்பியது இதுதான் முதல் தடவை. அதுவும் அந்தப் பனியை அவ்வளவு ஆசைப்பட்டவள்.

பிப்ரவரியில் வா. இரண்டு வாரம் தங்கு. டாக்டர் என்னை இந்தப் பருவம் பனிமேல் போகக்கூடாது என்றிருக்கிறார், குடில்வரை மெதுவாகப் போகலாம். வில்சனை எதிரில் உட்காரவைத்து என்ன நடந்ததென்று நானே சொல்லிவிட்டேன். தலை ஒன்றும் குனியவில்லை. அவன் உன்னைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப் போவான். நான் கீழே இருப்பேன்.

அன்செல்மோ

•

புவேர்த்தோ லோபெஸ்
27 பிப்ரவரி 1994

அன்புத் தம்பிக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். எல்லோரும் சுகம். மருமகள் உண்டாகியிருக்கிறாள், லுஸ்மிலாவிடம் முதலில் சொல். உன் நெஞ்சு எப்படி? மாத்திரையை விடாமல் சாப்பிடு.

பனியிலிருந்து இறங்கிய பிறகு மூன்று நாள் அங்கே சேர்ந்து இருந்தும் மேலே நடந்ததை உன்னிடம் நான் சரியாகச் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்தால் எனக்குக் கிண்டல்தான் வருகிறது. எழுதினால் கொஞ்சம் உருப்படியாக வரும்.

வில்சன் முன்னால், நான் பின்னால், நடுவில் கயிறு. முள் பனியில் இறங்கும்போது வறுத்த கடலையைக் கடிக்கிற சத்தம். முதலில் ஒவ்வொரு அடியையும் எண்ணித்தான் வைத்தேன். “சொய்லாம்மா, சூப்பு?” என்றான். சொல்ல ஆரம்பித்தேன், கடலை அரைப்பதற்குள் எண்ணிக்கை மறந்துபோயிற்று. பிறகு சூப்பையும் மறந்துவிட்டேன். சூரியன் வந்ததும் பனி முழுக்க முதலில் ரோஜா நிறமாகி அப்புறம் மஞ்சளானது. ஒரு பெரிய நீல வெடிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கோத்துத் தின்றோம். மேலேயிருந்து லேசாகக் கந்தக வாடை அடித்தது. அப்பா நினைவு வந்தது. மலை கோபப்படவில்லை அப்பா என்று சத்தமாகவே சொன்னேன். இன்னும் கொஞ்சம் மேலே போகலாம், உங்களுக்குத் தெம்பிருக்கு என்றான் வில்சன். போதும் என்றேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது தம்பி. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் ரொம்பக் குறைவு.

இறங்கும்போது தூரத்திலேயே உன்னைப் பார்த்தேன். குடிலில் இரு என்று டாக்டர் சொன்னதை மீறி, பனி முடிகிற பாறைவரை வந்து, கையில் வெல்லத் தண்ணீர்ப் பிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தாய். அதற்கு உன்னைத் தனியாகத் திட்டவேண்டும். வந்த ஆட்களின் காலில் முள்ளைக் கழற்றுவது வில்சன் வேலை என்று எனக்குத் தெரியும். நீ அவனைத் தள்ளிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாராக அவிழ்த்தாய். ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கியபோது, பனி வெளிச்சத்தில் கண் கூசிவிட்டது என்றாய்.

கறுப்புக் கண்ணாடியை நீ கழற்றவே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. வில்சனும் கவனிக்கவில்லை என்றுதான் சொன்னான்.

உன் அக்கா,
சொய்லா